வீட்டு உபயோகம்

எங்கள் அலுவலகத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று காயத்ரி கேட்டார். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவர் அவர். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: ‘நாட்டின் வெளியுறவுக் கொள்கையில் நம் துறையின் பங்கு’. படித்ததும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் என் பங்கு, சாக்கு மூட்டையில் கூரான இரும்புக் குழாயைக் குத்தி, உள்ளே இருக்கிற மல்லாட்டைப் பருப்பில் ஒரு பிடியை வெளியே எடுப்பதாகத்தான் இருந்தது. அதற்கு இப்படி ஒரு பெயர் உண்டென்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டில் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

மல்லாட்டை என்பது நிலக்கடலை. மணிலாவிலிருந்து வந்த கொட்டை மணிலாக்கொட்டை ஆகி, விழுப்புரம் பக்கத்து வாயில் மல்லாட்டை ஆகிவிட்டது. ஆக, பெயரிலேயே வெளியுறவு இருக்கிறது. கட்டுரைக்கும் தலைப்புக்கும் சம்பந்தமில்லை என்று மலர்க்குழு சொல்ல வழியில்லை.

நான் பார்த்தது மத்திய அரசு வேலை. வெளிநாட்டுக்குப் போகிற விளைபொருளைச் சோதித்து, தின்னத் தகுந்தது என்று சான்று கொடுக்கிற வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் தும்மாமல் நிற்கவும், மேலதிகாரிக்குப் பக்கத்தில் பேசாமல் நிற்கவும் கற்றுக்கொண்டேன். இரண்டாவது பாடம்தான் கடைசிவரை கைகொடுத்தது. சில வருடம் துறைமுகங்களில் சுற்றிய பிறகு, திண்டிவனத்தில் ஒரு மாடியில் புதிதாகத் திறந்த கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். வீடு விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சரில் போய் மாலையில் திரும்பிவிடலாம். என் மனைவி அதையே பதவி உயர்வாக எடுத்துக்கொண்டாள்.

கிளையின் தலைவர் வரதராஜன் சார். காலையில் வந்ததும் கோப்பைத் தொடமாட்டார். முதலில் செய்தித்தாளில் வெளிநாட்டுப் பக்கத்தை விரித்து, மேசைமேல் இஸ்திரி போடுவதுபோலத் தடவிவிடுவார். எந்த நாட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். ‘அவங்க’ என்பார். எல்லா நாடும் ‘அவங்க’தான். எந்த ‘அவங்க’ என்பதைக் குரலை வைத்து நாங்களே தெரிந்துகொள்ள வேண்டும். எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்பார். அந்தப் பார்க்கலாமில் மூன்று வகை உண்டு. நீட்டிச் சொன்னால் நடக்காது. சட்டென்று சொன்னால் நடக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னால், நடக்குமா நடக்காதா என்பது டெல்லிக்கே தெரியாது.

இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்குகிற படம் வந்தால் அவர் முகம் மாறிவிடும். கிட்டே வைத்துப் பார்ப்பார்.

“ரெண்டு பேரும் கேமராவைப் பாத்தாங்கன்னா சரக்கு போவும்யா. ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சிக்கினு இருந்தா போவாது.”

“ஏன் சார்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கேமராவைப் பாத்தா பேசி முடிச்சிட்டாங்கன்னு அர்த்தம். ஒருத்தரை ஒருத்தர் பாத்தா இன்னும் பேசிக்கினு இருக்காங்க.”

எங்கள் ஆய்வகத்தில் விலை உயர்ந்த கருவி ஒன்று இருந்தது. சரக்கு போகுமா போகாதா என்பதை அதைவிட இந்த முறை சரியாகச் சொல்லியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கருவி பருப்பைத்தான் பார்க்கும், அவர் படத்தைப் பார்த்தார்.

சோதனை முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லாரி வந்து நின்றதும் ஏறிப் பார்க்கக் கூடாது, முதலில் முகர வேண்டும். பூஞ்சை பிடித்த மல்லாட்டைக்கு ஈரத் துணியைப் பெட்டியில் போட்டு மூடியதுபோல ஒரு வாடை உண்டு. பிறகு மூட்டைகளை மேல், நடு, அடி என்று பல இடங்களில் குத்தி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே தார்ப்பாயில் கொட்டிக் கலக்க வேண்டும். கலந்த குவியலைத் தட்டையாகப் பரப்பி, கூட்டல் குறி போட்டு நாலாகப் பிரித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டை ஒதுக்க வேண்டும். எடுத்ததை மறுபடி கலந்து மறுபடி நாலு பங்கு. இப்படியே குறைத்துக் குறைத்துக் கடைசியில் இரண்டு கைப்பிடி மிஞ்சும். அதுதான் ஒரு லாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். பூஞ்சை எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது. ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்கும், ஒன்றில் மொத்த நஞ்சும் இருக்கும். அந்த நஞ்சுக்கு நாங்கள் வைத்திருந்த சுருக்கப் பெயர் அஃப்லா. அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

அஃப்லா வானத்திலிருந்து வருவதில்லை. எங்கள் பக்கத்து மில்களில் ஒரு பழக்கம். மல்லாட்டையை உடைக்கிறதுக்கு முன்னால் ஓட்டின்மேல் தண்ணீர் தெளித்து ஊறவிடுவார்கள். அப்போதுதான் இயந்திரத்தில் பருப்பு உடையாமல் முழுசாக விழும். முழுப் பருப்புக்குத்தான் வியாபாரியிடம் மதிப்பு. மழையில் நனைந்தால் பதறிப்போய்த் தார்ப்பாய் போடுகிறவர்கள், உடைப்பதற்கு முந்தின நாள் தாங்களே குடத்தில் மொண்டு தெளிப்பார்கள். பூஞ்சைக்கு அழைப்பிதழ் வைத்துக் கூப்பிடுகிற காரியம் இது. ஆனால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாது, உடைந்த பருப்பு தெரியும்.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் தேறாமல் திரும்பி வந்த சரக்கை நாங்கள் நம் நாட்டு அளவுக்கு மறுபடி சோதிப்போம். நம் அளவு சற்றுத் தாராளமானது. அதில் தேறிவிட்டால் சாக்கின்மேல் ஒரு முத்திரை குத்துவோம்: ஹோம் கன்சம்ப்ஷன். உள்நாட்டிலேயே விற்றுக்கொள்ளலாம் என்பது அலுவலக அர்த்தம். நீல மை. நன்றாகக் காயும் மை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மல்லாட்டையை நிறைய வாங்குகிற கிழக்கு நாடு ஒன்று உண்டு. அதை இங்கே ‘அந்த நாடு’ என்றே எழுதுகிறேன். ஓய்வு பெற்றாலும் கை அப்படித்தான் எழுதுகிறது. அந்த நாடு நமக்குச் சமையல் எண்ணெய் விற்கும். ஒரு வருடம் நம் அரசாங்கம், வெளிநாட்டு எண்ணெய் மலிவாக வந்து குவிந்தால் நம் மல்லாட்டை விவசாயி பிழைக்கமாட்டான் என்று அந்த எண்ணெய்க்கு வரியை ஏற்றியது. நியாயமான காரணம். அங்கேயும் எண்ணெய்க்கு மரம் வளர்க்கிற விவசாயி இருக்கிறான். அவனுக்கும் ஒரு அரசாங்கம் இருக்கிறது, அந்த அரசாங்கத்துக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. அதற்கு அடுத்த மாதம், இந்திய மல்லாட்டையில் அஃப்லா அதிகம், மறு அறிவிப்பு வரும்வரை வாங்குவதில்லை என்று அந்த நாட்டிலிருந்து அறிக்கை வந்தது. மல்லாட்டை விவசாயியைக் காப்பாற்றப் போட்ட வரியால் மல்லாட்டை விவசாயி வாங்க ஆளில்லாமல் நின்றான்.

வரதராஜன் சார் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அஃப்லா இருக்குறது உண்மையா சார்?” என்றேன்.

“உண்மைதான். போன வருஷமும் இருந்துச்சு, அதுக்கு முந்தின வருஷமும் இருந்துச்சு. இந்த வருஷம்தான் அவங்களுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்குது.”

கோட்டக்குப்பத்து ஏற்றுமதியாளர் ஒருவரின் கண்டெய்னர்கள் அந்த நாட்டுத் துறைமுகம் வரை போய்த் திரும்பின. மறு சோதனை செய்தோம். பெரும்பாலான மூட்டை தேறியது. முத்திரை குத்தினோம். சரக்கு விழுப்புரம் சந்தைக்குள் போய்க் கரைந்தது.

டெல்லியிலிருந்து எங்களுக்கு ஒரு திட்டம் வந்தது. தண்ணீர் தெளிக்காமல் உடைக்கிற மில்களைத் தேர்ந்தெடுத்து அங்கீகார எண் கொடுக்க வேண்டும். அந்த நாட்டிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்க்கும். அவர்களுக்குத் திருப்தி என்றால், எண் வாங்கிய மில்களின் சரக்கு மட்டும் போகலாம். மில்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டு விளக்கினோம். கண்டாச்சிபுரத்து மில்காரர் ஒருவர் எழுந்து, “தண்ணி இல்லாம ஒடச்சா பருப்பு நொய்யாப் பூடும் சார். அத வாங்குறவன் யாரு, நீங்க வாங்குவீங்களா?” என்று கேட்டுவிட்டு, தேநீர் வந்ததும் குடித்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களும் தேநீருக்குக் காத்திருந்தவர்கள்தான்.

கடைசி வரிசையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கெடாரில் மில் வைத்திருக்கும் அஞ்சலாட்சி. சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிற குடும்பம். கணவர் நிலத்தைப் பார்க்க, மில்லை இவர் பார்த்தார். பருப்பு பொறுக்க இருபது பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் போனபிறகு என் மேசைக்கு வந்தார்.

“நம்பர் குடுத்தா நானே நேரா அனுப்பலாமா சார்? நடுவுல வியாபாரி வாணாமா?”

“வேணாம்மா. உங்க பேர்லயே போகும்.”

“கெடார்னு பேரு போடுவாங்களா?”

“போடுவாங்க.”

“அப்ப எழுதிக்கோங்க” என்றார். கெடார் என்கிற பெயர் கப்பலில் போக வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை. ஒரு மில்லின் பிழைப்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கும் அன்று சந்தோஷமாக இருந்தது, எண் கொடுக்க ஒரு ஆளாவது கிடைத்தாரே என்று.

அவர் தண்ணீர்க் குடத்தை மில்லை விட்டே வெளியே எடுத்தார். களத்தில் சிமெண்டு போட்டுக் காய வைத்தார். ஓட்டோடு குலுக்கினால் சலசல என்று சத்தம் வருகிறவரை காய்ந்ததைத்தான் இயந்திரத்தில் போட்டார். பருப்பு உடைந்தது. கண்டாச்சிபுரத்துக்காரர் சொன்னது பொய்யில்லை. உள்ளூர் வியாபாரிகள் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத் தள்ளினார்கள். ‘டீம் வரட்டும்’ என்று அஞ்சலாட்சி அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

டீம் வந்தது. மூன்று பேர். தலைமை தாங்கியவர் ஒரு பெண்மணி, நஞ்சியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நாங்கள் டாக்டரம்மா என்றே குறிப்பிட்டுக்கொண்டோம். விழுப்புரத்தில் ஓட்டல், பூச்செண்டு, இரண்டு நாட்டுக் கொடி எல்லாம் ஏற்பாடு. டாக்டரம்மா பூச்செண்டை வாங்கி வண்டியில் வைத்துவிட்டு, நேராகக் களத்துக்குப் போகலாம் என்றார். கெடாரில் இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம் முகர்ந்து பார்த்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வரதராஜன் சார் எனக்குப் பின்னால் நின்றார். காய வைப்பது, சேமிப்பது எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு டாக்டரம்மா கேட்டார்: உடைப்பதற்கு முன் தண்ணீர் தெளிப்பீர்களா?

இந்தக் கேள்விக்கு இல்லை என்கிற ஒரே வார்த்தையைச் சொல்லும்படி அஞ்சலாட்சி அம்மாளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். அவர் சொன்னார்:

“தெளிச்சிக்கினுதான் சார் இருந்தோம். எங்க மாமனார் காலத்துலருந்து. அது வெஷம்னு யாரும் சொல்லல. இவங்க நிறுத்துன பின்னாலதான் தெரிஞ்சிது. தெரிஞ்ச நாளுலருந்து தெளிக்கறதில்ல.”

பின்னாலிருந்து வரதராஜன் சார் மெல்ல இருமினார். அந்த இருமலுக்கு ஆங்கிலத்தில் ‘நோ’ என்று அர்த்தம். நான் அந்த அம்மாள் சொன்னதை மொத்தமும் அப்படியே சொன்னேன். வீரம் ஒன்றுமில்லை. எதிரே நின்றவர் களத்தை முகர்ந்தவர், பொய் சொன்னால் அதையும் முகர்ந்துவிடுவார் என்று பட்டது. டாக்டரம்மா வெகுநேரம் எழுதினார். பிறகு அஞ்சலாட்சி அம்மாளைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். அவர்கள் ஊர் வழக்கம் போலும். அஞ்சலாட்சி அம்மாள் பதறிப்போய்ப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

மதியம் ஓட்டலில் சாப்பிடும்போது டாக்டரம்மா என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: “என் அறிக்கை நல்லபடியாக இருக்கும். அதை யார் படிப்பார்கள் என்பது என் கையில் இல்லை.” எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடல் தாண்டி இருக்கிற அலுவலகத்திலும் ஒரு வரதராஜன் சார் இருமிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

அறிக்கை நல்லபடியாகத்தான் வந்தது. அதன் நகல் எங்களுக்கும் வந்தது. கெடார் என்கிற பெயர் அதில் பாராட்டோடு இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

வாரம் தவறாமல் அஞ்சலாட்சி அம்மாள் போன் செய்தார்.

“என்னா சார் சொன்னாங்க?”

“பரிசீலனையில இருக்குதும்மா.”

“யாரும் இன்னும் பாக்கலன்னு சொல்லுங்க.”

“அப்படியும் சொல்லலாம்.”

அந்தப் பக்கம் இரண்டு நாட்டு அமைச்சர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் பேட்டி கொடுத்தார்கள். நட்பு பழமையானது என்றார்கள். மல்லாட்டையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எண்ணெயைப் பற்றி ஜாடையாகப் பேசினார்கள். இங்கே பருப்பு பொறுக்கிய பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு வேனில் போக ஆரம்பித்தார்கள். ஒருநாள் போனில் இயந்திரச் சத்தம் கேட்கவில்லை. ‘கரண்டு இல்லையாம்மா?’ என்று கேட்டேன். ‘ஆளு இல்ல சார்’ என்றார். அன்று ரயிலில் வரும்போது எனக்கு மனசே சரியில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அலுவலகத் தமிழில் அதற்கு வார்த்தை கிடையாது.

ஒரு காலை வரதராஜன் சார் செய்தித்தாளைத் தூக்கி என் பக்கம் காட்டினார். ஏதோ ஒரு மாநாட்டில் இரண்டு தலைவர்களும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். இருவர் கண்ணும் நேராக எங்களைப் பார்த்தது.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. எண்ணெய் வரி குறைந்தது. மல்லாட்டைத் தடை நீங்கியது. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அங்கீகார எண் தேவையில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரண்டு தடவை படித்தேன். கண்டாச்சிபுரத்திலிருந்து முதல் லாரி அதே வாரம் கிளம்பியது. தண்ணீர் தெளித்த பருப்பு, முத்துமுத்தாக. சோதனையில் மயிரிழையில் தேறியது. சான்றில் கையெழுத்துப் போட்டது நான்தான், விதி அது.

அஞ்சலாட்சி அம்மாள் திண்டிவனத்துக்கு வந்தார். மாடிப்படி ஏறி வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒன்னே ஒன்னு கேக்கறேன். அவங்க நிறுத்துனது தண்ணிக்கா, எண்ணெய்க்கா?”

நான் வரதராஜன் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“ரெண்டுக்கும்தாம்மா” என்றார்.

“இப்ப திரும்ப வாங்கறது?”

“எண்ணெய்க்கு மட்டும்.”

“அப்ப தண்ணி?”

“தண்ணி அப்படியே இருக்குது.”

அத்தனை வருடத்தில் அவர் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சார், எங்க மருமவ வூட்டுப் பக்கத்துல மல்லாட்டை உருண்டை புடிக்கிற எடம் ஒன்னு இருக்குது, விழுப்புரத்துல. அங்க ஒரு சாக்கு பாத்தேன். நீல மையில இங்கிலீசுல குத்தி இருந்துது. ஹோம் கன்சம்ப்சன்னு மருமவ படிச்சா. வூட்டு உபயோகம்னு அர்த்தமாம். மெய்யா?”

“அது... உள்நாட்டு விற்பனைன்னு அர்த்தம்மா.”

“வூட்டுல திங்கறதுக்குத்தானே?”

“ஆமா.”

“அவங்க வாணான்னு திருப்பி அனுப்புனதுதானே?”

“நம்ம அளவுக்குள்ளதான் இருந்துச்சும்மா.”

“அந்த உருண்டைதான் எங்க ஊரு கடைக்கும் வருது, எங்க தெருப் புள்ளைங்க எல்லாம் திங்குதுங்க சார்.” குரல் உயரவேயில்லை. “ரெண்டு பெரியவங்க கைய புடிச்சிக்கினா அவங்க புள்ளைங்களுக்கு ஒரு டீம் வருது, மெஷின் வருது, டாக்டரு வர்றாங்க. நம்ம புள்ளைங்களுக்காக யாரு சார் யாரு கைய புடிக்கறது?”

வரதராஜன் சார் “பார்க்கலாம்மா” என்றார். அது நான் அறிந்த மூன்று வகையிலும் சேராத ஒரு பார்க்கலாம். எனக்கு அவமானமாக இருந்தது. சும்மா இருக்க முடியாமல், முத்திரையை மேசையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்தி வைத்தேன். அந்த அம்மாள் படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் போன் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. மில் மூடிவிட்டதாக யாரோ சொன்னார்கள். பிறகு வரதராஜன் சார் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து காயத்ரிக்கு அனுப்பியிருப்பேன். அதற்குள் அவரே போன் செய்தார்.

“சார், அந்த நாட்டுல மறுபடி நிறுத்திட்டாங்க. பேப்பர்ல பாத்தீங்களா?”

பார்த்திருந்தேன். இந்த முறை எண்ணெய் இல்லை, அங்கே தேர்தல். உள்ளூர் மல்லாட்டையைக் காப்போம் என்று ஒருவர் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வரதராஜன் சார் வாட்ஸாப்பில் ஒரு படமும் அனுப்பியிருந்தார். தலைவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“டீம் வர்றாங்க சார். கெடார் மில்லத்தான் காட்டணும்னு டெல்லியிலருந்து சொல்றாங்க. பழைய அறிக்கையில அது பேர்தான் இருக்குதாம். அந்தம்மா முடியாதுங்கறாங்க. ஒரே பேஜாரா இருக்குது. நீங்க கொஞ்சம் வந்து பேசுங்க சார்.”

“மில்லு நடக்குதா?” என்று கேட்டேன்.

“நல்லாவே நடக்குது சார்.”

கெடாருக்குப் போனோம். போன் வராத அந்த வாரங்களில் அவர் மில்லை மூடவில்லை, பருப்பு வாங்க வேறு ஆளைத் தேடியிருக்கிறார். செக்கில் ஆட்டுகிறவனுக்குப் பருப்பு முழுசாக இருந்தால் என்ன, உடைந்தால் என்ன? உருண்டை பிடிக்கிறவனுக்கும் அப்படித்தான், அவன் எப்படியும் உடைக்கப்போகிறான். தண்ணீர் படாத பருப்பு, எண்ணெய் கசக்காது, உருண்டை சீக்கிரம் காறாது. விழுப்புரம், திண்டிவனம் என்று செக்குக் கடைகளுக்கும் பலகாரக் கடைகளுக்கும் கெடார்ப் பருப்பு போய்க்கொண்டிருந்தது. வானூருக்குப் போன பெண்களில் பாதிப்பேர் திரும்பியிருந்தார்கள். அடுக்கி வைத்த சாக்குகளில் எல்லாம் நீல மையில், தமிழில், பெரிய எழுத்தில் அச்சு: வீட்டு உபயோகம்.

என்னைப் பார்த்ததும் அஞ்சலாட்சி அம்மாள் சிரித்தார். “பரிசீலனை முடிஞ்சிதா சார்?”

“இல்லம்மா. இன்னும் இருக்குது.”

டெல்லி கேட்பதைச் சொன்னேன். யோசிக்காமல் பதில் சொன்னார்: “வரட்டும், பாக்கட்டும். பாக்கறத நான் வாணாங்கல. ஆனா சரக்கு கெடையாது. கெடார்னு பேரு கப்பல்ல போவணும்னு ஒரு காலத்துல ஆசப்பட்டேன். அது போச்சு, உடுங்க.”

காயத்ரியின் முகம் வாடிவிட்டது. இரு அரசுகளின் உறவு ஒரு மில் வாசலில் வந்து நிற்கிறது, மில்காரம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விற்கமாட்டேன் என்கிறார். அதை டெல்லிக்கு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்குக் கவலை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு இந்த மாதிரிச் சந்தோஷங்கள் அனுமதிக்கப்பட்டவை.

டீம் வந்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள். அதே டாக்டரம்மாதான், தலை நரைத்திருந்தார். இறங்கினார், முகர்ந்தார், என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். களத்தைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், கையில் அள்ளிப் பார்த்தார். சாக்கு அடுக்கின் முன்னால் நின்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

காயத்ரி கொஞ்சமும் யோசிக்காமல் அலுவலக மொழியில் சொல்லிவிட்டார்: “ஹோம் கன்சம்ப்ஷன், மேடம்.”

டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது. எங்கள் முத்திரை அவருக்குத் தெரியாதா என்ன? சரக்கைத் திருப்பி அனுப்பியதே அவருடைய அலுவலகம்தான். “இவ்வளவுமா? இவையெல்லாம் தள்ளுபடி ஆனவையா?” என்று கேட்டார்.

அதை நான் தமிழில் கேட்டேன். “இதெல்லாம் ஒதுக்குனதான்னு கேக்கறாங்கம்மா.”

“ஒதுக்குனது இல்ல சார்” என்றார் அஞ்சலாட்சி அம்மாள். “ஒதுக்கி வெச்சது.”

எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று காயத்ரி என்னைப் பார்த்தார். அன்று அந்த அம்மாள் சொன்ன நீளமான உண்மையை மொத்தமும் மொழிபெயர்த்தவன் நான். இந்த இரண்டு வார்த்தைக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை.

அஞ்சலாட்சி அம்மாள் திறந்திருந்த சாக்கில் கைவிட்டு ஒரு கை பருப்பை அள்ளினார். டாக்டரம்மாவின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து மூடினார்.

“கப்பல்ல ஏத்தமாட்டேன். நம்ம வூட்டுல நின்னு தின்னா அவங்களுக்கும் இது வூட்டு உபயோகந்தான். திங்கச் சொல்லுங்க சார்.”

சொன்னேன். டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார், சோதனை எதுவும் செய்யவில்லை.